அண்ணியின் தோளில் வைக்காத கருவி

பதுளை ஆஸ்பத்திரியில் எங்கள் அறைக் கதவில் இயன்மருத்துவப் பிரிவு, அதாவது பிசியோதெரபி, என்று எழுதியிருக்கிறது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அதை 'மிஷின் வைக்கிற எடம்' என்பார்கள். அவர்கள் சொல்லும் மிஷின் அல்ட்ராசவுண்ட் கருவி. வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் ஸ்கேனுக்கு அது தூரத்துச் சொந்தம் என்றாலும் இதில் படம் ஒன்றும் தெரியாது. வலிக்கிற இடத்தில் ஜெல் தடவி, கைப்பிடியோடு கூடிய சிறிய உலோகத் தலையை அதன்மேல் வைத்து மெதுவாக வட்டமாக நகர்த்த வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தினால் உள்ளே சூடு எலும்பைத் தொட்டுவிடும். காதுக்குக் கேட்காத ஒலி தசைக்குள் போகிறது. அது எத்தனை பேருக்கு உண்மையில் உதவுகிறது என்பதில் எங்களுக்குள்ளேயே சந்தேகம் உண்டு. ஆனால் பதுளைக்கு பஸ் ஏறி வருகிறவர்களுக்குச் சந்தேகம் கிடையாது. முழங்கால், தோள், முதுகு என்று எந்த வலியோடு வந்தாலும் முதலில் கண் போவது அந்தக் கருவியின் மேல்தான்.

அண்ணிக்கும் அப்படித்தான். அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. பூனாகலைப் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில், நான் பிறந்த அதே லயத்து வரிசை வீட்டில் இருவரும் இருந்தார்கள். அண்ணன் தொழிற்சாலையில், அண்ணி கொழுந்து பறிப்பில். நான் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே "எங்க நாத்தனா டாக்டராகப் போவுது" என்று மலையில் சொல்லிக்கொண்டிருந்தவர். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் டாக்டரம்மா என்றே கூப்பிடுவார். கேலியா பெருமையா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

லயத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் முழங்கால் வலி என்னிடம் வந்துபோன பிறகு நன்றாகக் குறைந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் அண்ணி தன் வலது தோளைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கு வந்தார். மழை விட்டிருந்த காலை. சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

"கொழுந்து சாக்கு இழுத்து இழுத்து தோளு செத்துருச்சு. அவளுக்கு வச்ச மிஷின எனக்கும் வச்சு விடு."

"மொதல்ல பாக்குறேன் அண்ணி. கைய தளர்த்தி விடுங்க."

கொழுந்து பறிக்கிற பெண்களின் தோள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இறுகிப்போன தோளை நாம் தூக்கினால் பாதியிலேயே பலகை போல நின்றுவிடும். அண்ணியின் கை என் கையோடு காதுவரை வந்தது. வலி அசைவில் இல்லை. எப்போது கூடுதல் என்று கேட்டேன். சும்மா இருக்கும்போதும் குடைகிறது, படுத்தால் இன்னும் மோசம் என்றார். ரவிக்கை கைப்பக்கம் தொளதொளவென்று இருந்தது. மெலிந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது.

கருவியை வைக்குமுன் சில கேள்விகள் கேட்பது வழக்கம். தோலில் உணர்ச்சி இருக்கிறதா, வயிற்றில் பிள்ளை இருக்கிறதா, எங்காவது கட்டி இருக்கிறதா. கேட்டுக்கொண்டே கழுத்தெலும்புக்கு மேலே விரல்களை ஓட்டினேன். அங்கே மூன்று நான்கு கட்டிகள், அசையாமல், கடலைக்கொட்டை போல. என் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"என்னா நிறுத்திட்ட?"

"அண்ணி, மாருல எங்கயாச்சும் கட்டி இருக்கா?"

அவர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு இருக்கு, கல்லு மாதிரி. சின்னவளுக்குக் குடுத்த பாலு கட்டிக்கிட்டு அப்படியே நின்னுருச்சின்னு நெனச்சேன்."

சின்னவளுக்கு அப்போது பதினேழு வயது, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள்.

ஜெல் போத்தலை மூடி வைத்தேன். இன்றைக்கு மிஷின் வேண்டாம், முதலில் டாக்டரிடம் காட்டுவோம் என்றேன். அண்ணிக்கு முகம் வாடிவிட்டது. ஒரு நாள் பேரையும் கூலியையும் விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், கொஞ்சம் வைத்தால்தான் என்ன என்றார். புற்று இருக்கக்கூடிய உடம்பில் அந்த ஒலியை அனுப்பக் கூடாது என்று எங்களுக்குப் படிப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். புற்று என்ற சொல்லை அவரிடம் அன்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பரிசோதனைகள் முடிந்து முடிவு வந்த நாளில் அண்ணனையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு நான்தான் உள்ளே போனேன். டாக்டர் பொறுமையானவர். அவசரப்படாமல் சிங்களத்தில் எனக்கு விளக்கினார். அண்ணிக்குச் சிங்களம் பண்டாரவளைச் சந்தைக்குப் போதுமான அளவு தெரியும். இந்தச் சொற்கள் சந்தையில் கேட்காதவை. அவர் டாக்டரின் வாயைப் பார்த்தார், பிறகு என் வாயைப் பார்த்தார்.

"என்னா சொல்றாரு?"

மார்புக் கட்டி எலும்புக்குப் பரவிவிட்டது, தோளில் வலிப்பதும் அதுதான், மருந்தால் கொஞ்சம் பிடித்து வைக்கலாம், எடுக்க முடியாது. இதை நான் தமிழில் சொல்ல வேண்டும். நான் சொன்னது இவ்வளவுதான்: "கட்டி எலும்புக்கும் போயிருக்காம் அண்ணி. மருந்து குடுப்பாங்களாம்." அண்ணன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நான் பாதியை விழுங்கியது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மருந்து கொடுத்தார்கள். வலிக்கு மாத்திரையும் பிறகு திரவமும் கொடுத்தார்கள். சில வாரம் நன்றாக இருப்பார், ஹாலிஎலயில் என் வீட்டில் உட்கார்ந்து என் சமையலில் உப்பு இல்லை என்பார். பிறகு ஒரு நாள் தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிடுவார். அப்போதெல்லாம் அதே பேச்சுதான்.

"ஊருக்கெல்லாம் வைக்கிற. எனக்கு மட்டும் வைக்க மாட்டேங்கிற."

"வச்சா நோவு கிளம்பிரும் அண்ணி. வைக்கக் கூடாது."

"இப்ப மட்டும் படுத்துக் கெடக்குதாக்கும்."

ஒருமுறை அண்ணன் தனியாக என் வேலையிடத்துக்கு வந்தார். என்னிடம் எதையும் கேட்டறியாதவர். வாசலில் நின்றபடியே சொன்னார். "தங்கச்சி, அந்த மிஷின ஒரு தடவ வச்சு விட்டுரேன். அவளுக்கு ஒரு ஆறுதலா இருக்கும். இதுக்கு மேல என்னா ஆவப் போவுது?"

புற்று உள்ள உடம்பில் வைக்கக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். அந்த விதி இப்போது எதைக் காப்பாற்றுகிறது என்பதை அவரிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

கடைசியாக அண்ணி வார்டில் இருந்தபோது மூச்சுப் பயிற்சிக்காகச் சக்கர நாற்காலியில் எங்கள் அறைக்குக் கொண்டு வந்தார்கள். பயிற்சி செய்யத் தெம்பில்லை. அவர் பார்வை மூலையில் இருந்த கருவியில் போய் நின்றது. இந்த முறை கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கருவியைப் பக்கத்தில் இழுத்து வைத்தேன். ஜெல்லை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி அவர் தோளில் தடவினேன். மின்சாரம் போடாமலே அந்தத் தலையை எடுத்துத் தோலில் பட்டும் படாமலும் வட்டமாக நகர்த்த ஆரம்பித்தேன்.

அண்ணி திரும்பிப் பார்த்தார். "லைட்டு எரியலையே."

பொய் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் "போடல அண்ணி," என்றேன்.

"சரி, அத வச்சுட்டுக் கையாலயே தடவி விடு," என்றார். கையாலேயே தடவினேன். எலும்பு அழுந்திவிடக் கூடாதே என்ற பயத்தில் என் கையின் கனத்தை நானே தூக்கிக்கொண்டிருந்தேன். வலி குறைந்ததாக அவர் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அடுத்த மழைக்கு அண்ணி இல்லை. தோட்டத்திலேயே அடக்கம் செய்தோம்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு மகளின் பள்ளிக்கூட விஷயமாகப் பதுளைக்கு வந்த அண்ணன் என்னையும் பார்க்க வந்தார். அறையில் ஹல்துமுல்லையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் முதுகில் கருவியை வைத்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். அந்தப் பெண் போனதும் உள்ளே வந்து கருவியைச் சற்று நேரம் பார்த்தார்.

"வச்சிருந்தா ரெண்டு நாளாச்சும் வலியில்லாம இருந்திருப்பாளா?"

"இருந்திருக்க மாட்டாங்கண்ணே."

"நெசமாவா?"

"நெசமா."

தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. நான் சொன்னது உண்மைதான், ஆனால் சொல்லும்போது என் காதுக்கே அது சாக்கு போலக் கேட்டது. மகள் வெளியே நிற்பதாகச் சொல்லிவிட்டு அவர் எழுந்தார். பஸ் நிலையம்வரை கூடப் போகலாம் என்று கையைக் கழுவினேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.