சிங்கம் வந்தபோது நான் நித்திரை

ட்ருகனினாவில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து மெல்பேர்ன் விமான நிலையம் அரை மணி நேர ஓட்டம். அந்த அரை மணியும் என் கணவர் குறட்டை விட்டுக்கொண்டுதான் வந்தார். நேரம் பகல் பன்னிரண்டு. அது அவருக்கு நடுச்சாமம். பதினெட்டு வருடமாக ஒரு வெயார்ஹவுஸில் இரவு வேலை. காலை எட்டு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழும்புகிற மனுசன். லீவு நாளிலும் விடியுமட்டும் ரீவிக்கு முன்னால் இருப்பார்.

அவருடைய நித்திரையைக் காவல் காப்பது என் உத்தியோகம். போன் ஊமை. வீட்டுக்கு வருகிறவர்கள் மணி அடிக்கக் கூடாது. சம்பல் அரைக்க வேண்டுமென்றால் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போவேன். போன மாதம் அவருக்குப் பகல் வேலை தருவதாகச் சொன்னார்கள். "உடம்பு இரவுக்குப் பழகிட்டுது. இனி மாத்தேலாது" என்று ஒரே பிடி. லீவு முடிந்து வந்ததும் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றுதான் சொல்வார். அந்தக் கவலையையும் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டுதான் தன்சானியாவுக்கு விமானம் ஏறினேன்.

முதல் நாள், காலை ஆறு மணி. அருஷா நகரிலிருந்து செரங்கெட்டிக்கு ஏறத்தாழ முந்நூற்று முப்பது கிலோமீற்றர். கூடாரம், சாப்பாடு, ஜீப் எல்லாம் சேர்த்து ஐந்து நாளுக்கு ஆளுக்கு ஆயிரத்து அறுநூறு அமெரிக்க டொலர். சாரதி யோசப், உள்ளூர்க்காரர். எங்களோடு அதே ஜீப்பில் சிட்னி கெல்லிவில்லிலிருந்து வந்த இளம் தம்பதி, கார்த்திக்கும் வித்யாவும். கோயம்புத்தூர்ப் பிள்ளைகள். ஏறி உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முறுக்குப் பொதியை நீட்டினார்கள். பிறகென்ன, உறவாகிவிட்டோம்.

புழுதி, புல்வெளி, கண்ணுக்கெட்டிய வரைக்கும் வரிக்குதிரை. என் கணவர் ஜீப்பின் திறந்த கூரை வழியே தலையை நீட்டிக்கொண்டு, "அங்க பார், ஒட்டகச்சிவிங்கி! இஞ்சால பார்!" என்று சின்னப் பிள்ளை மாதிரித் துள்ளினார். நானோ பிற்பகல் மூன்று மணிக்கே தூங்கி வழிந்தேன்.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. எங்கள் வீட்டில் அவர் படுக்கிற காலை எட்டு மணிக்கு இங்கே இரவு ஒரு மணி. நான் படுக்கிற இரவு பத்து மணிக்கு இங்கே பிற்பகல் மூன்று. ஆபிரிக்க நேரம் அவருக்கு அளந்து தைத்த சட்டை. பாவி, நான்தான் அகப்பட்டுக்கொண்டேன்!

முகாமுக்கு வேலி கிடையாது. இருட்டிய பிறகு கூடாரத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்று யோசப் கண்டிப்பாகச் சொன்னார். படுத்ததும் இவர் தூங்கிவிட்டார். நான் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். வெளியே கழுதைப்புலி கத்தியது. பிறகு இன்னும் கனமாக ஓர் உறுமல். எது வெளியே, எது பக்கத்தில் என்று பிரித்தறிய முடியவில்லை. அவருடைய குறட்டையை இத்தனை வருடமும் பகலில்தான் கேட்டிருக்கிறேன். இருட்டில் கேட்க, பயத்துக்கு நடுவிலும் மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

காலையில் முகாம் ஓரத்தில் யோசப் காலடித் தடங்களைக் காட்டினார்.

"அக்கா, ராத்திரி சிங்கம் கத்துச்சே, கேட்டீங்களா?" என்றாள் வித்யா.

"ஓம், ரெண்டு சிங்கம் கேட்டது" என்றேன். இவர் என்னை முறைத்தார்.

ஆனால் பகலில் கண்ட சிங்கமெல்லாம் மர நிழலில் மல்லாந்து கிடந்தன. "இதுகளும் நைட் ஷிப்ட்தான்" என்று இவருக்கு ஒரே பெருமை. எனக்கோ ஒரு சிங்கமாவது எழுந்து நடப்பதைப் பார்த்துவிட வேண்டும். நாளுக்கு நாள் அந்த ஆசை கூடியது.

கடைசி மாலை. ஒரு கற்குன்றின் மேல் பெண் சிங்கங்கள் குட்டிகளோடு படுத்திருந்தன. வெயில் தாழ்ந்தால் எழும்பும் என்று யோசப் ஜீப்பை நிறுத்தினார். ஃப்ளாஸ்க்கில் இருந்த, பால் விடாத பிளேன்ரீயை இரண்டு தரம் குடித்தேன். கன்னத்தில் தண்ணீர் அடித்தேன். கண்ணை ஒருக்கால் மூடித் திறந்தது போலத்தான் இருந்தது. பார்த்தால் வானம் சிவந்திருந்தது, குன்று வெறுமை. என் தலை அவர் தோளில்.

"ஐயோ அக்கா, சிங்கம் ஜீப்ப ஒரசிக்கிட்டே போச்சு!" என்றாள் வித்யா. "நான் எழுப்ப வந்தேன், அண்ணன் விடவே இல்ல. வாயில விரல வச்சு எங்க எல்லாரையும் உஸ்ஸுன்னு அடக்கிட்டாரு."

எனக்கு வந்த கோபம்! "உங்களுக்கு என்ன விசரே? இதைப் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தனான்!"

அவர் ஆறுதலாகச் சொன்னார்: "இத்தனை வருசத்தில நீ ஒரு நாளாவது என்னை எழுப்பினனியே? பிறகு நான் எப்பிடி உன்னை எழுப்புறது?"

அழுகை வந்துவிட்டது. கார்த்திக் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். முகாமுக்குத் திரும்புகிற வழியில் இவர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "இஞ்ச பகல் முழுக்க முழிச்சுத்தானே இருக்கிறன். அங்கயும் பழகலாம் போல கிடக்கு." நான் மூச்சுக் காட்டவில்லை. வாயைத் திறந்தால் மனுசன் மாறிவிடுவாரோ என்று பயம்.

மாறவில்லை. மெல்பேர்ன் வந்து பகல் வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டார். முதல் கிழமை இரவுச் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலேயே தூங்கி விழுந்தார். ஆனாலும் காலையில் எழும்பிப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை. காலை பத்து மணிக்குச் சம்பல் அரைக்கப் பழக்கதோஷத்தில் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு கராஜ் வரைக்கும் போய்விட்டேன். அங்கே அவருடைய கார் இல்லை. திரும்பிக் குசினிக்கு வந்து கிரைண்டரில் போட்டேன் பாருங்கள் ஒரு சத்தம், செரங்கெட்டியில் படுத்துக் கிடந்த சிங்கமெல்லாம் எழும்பியிருக்கும்.