நீலக்கரைத் துண்டு

இது நடக்கவே இல்லை என்று யாராவது சொன்னால் என் இடது காதைக் காட்டுவேன். மேல்பாதி கிடையாது. மெஷினில் மாட்டிக்கொண்டது என்று பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். அது போனது டவுன் பஸ்ஸில். 1963 ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து ஐம்பதுக்கு. நல்ல வெளிச்சத்தில், அறுபது பேர் பார்க்க.

என் மனைவி பொன்னுத்தாய்க்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை ஏழாம் மாதத்தில்தான் குழந்தை தங்காமல் போயிருந்தது. நிற்கக் கூடாது, குலுங்கக் கூடாது என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இவளோ ஸ்ரீரங்கத்துத் தாயாரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். போக வர உட்கார இடம் பிடித்துத் தருவது என் பொறுப்பு என்று சொல்லித்தான் கூட்டிப் போனேன்.

இடம் பிடிப்பதில் நான் கில்லாடி. ரயிலோ பஸ்ஸோ, நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிடுவேன். துண்டு விழுந்துவிட்டால் அந்த இடம் நம்முடையது. யாரும் வாய் திறக்க முடியாது. காலையில் திருவெறும்பூரில் ஒன்பது பத்து பாசஞ்சரிலும், ஜங்ஷனில் டவுன் பஸ்ஸிலும் அப்படித்தான் அவளை மகாராணி மாதிரி உட்கார வைத்தேன். தரிசனம் நன்றாக நடந்தது. மதியம் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தாள். எனக்கும் மனசு நிறைந்திருந்தது.

திரும்பும்போதுதான் வினை வந்தது.

ஆறு ஐம்பதுக்கு ரயில். மொட்டைக் கோபுரத்துப் பக்கம் பஸ் வந்தபோது ஐந்து முப்பத்தைந்து. கூட்டமோ கூட்டம். பின்படிக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை சீட்டுக்குக் குறி வைத்து என் துண்டைப் போட்டேன். அடித்துப் பிடித்து ஏறிப் பார்த்தால், அதே சீட்டில் ஏற்கெனவே ஒரு துண்டு கிடக்கிறது. நீலக்கரை போட்டது. என் துண்டு அதற்கு மேலே விழுந்திருந்தது.

துண்டுக்காரனைக் காணோம். சுற்றிலும் அத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருவரும் அந்த சீட்டை ஒட்டி நிற்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அடுத்தவன் துண்டைத் தொடக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இவள் நிற்கிறாளே... எடுத்தேன். சொதசொதவென்று ஈரம். ஜன்னலுக்கு வெளியே வீசினேன்.

"ஏங்க, பாவம், யாரோ போட்டு வெச்சிருக்காங்க..."

"பேசாம உக்காரு."

உட்கார்ந்தாள். நான் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றேன். பஸ் கிளம்பியது. டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க கிடந்த துண்டு?"

"வெளிய போட்டேன். என்ன இப்ப?"

அவர் முகம் வெளுத்தது. "அம்மாவ எந்திரிக்கச் சொல்லுங்க."

"அவ எந்திரிக்க மாட்டா. உன்னால ஆனதைப் பாரு" என்றேன். அந்தக் காலத்தில் என் வாய் அப்படி.

ஐந்து நாற்பத்தைந்து. திருவானைக்காவல் தாண்டினோம். படி ஓரத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எங்கே ஏறினாள் என்று தெரியவில்லை. நிறைமாதம். புடவை முழங்காலுக்குக் கீழே நனைந்து ஒட்டியிருந்தது. கண் கொட்டாமல் அந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் அவளிடம் டிக்கெட் கேட்கவில்லை.

"ஏங்க, அந்தக்கா மாசமா நிக்கிறாங்க. நான் கொஞ்சம்..."

"சும்மா இரு."

ஐந்து ஐம்பது. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது.

பொன்னுத்தாய் முனகினாள். "கழுத்து..."

குனிந்து பார்த்தேன். அவள் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு.

நீலக்கரை.

நான் வெளியே வீசியதே... அதே ஈரத்துண்டு!

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். இறுகியது. வாயில் ஓர் அடி விழுந்தது. பல் உடைந்தது. எதிரே யாரும் இல்லை. வயிற்றில் முட்டி ஒன்று இறங்கியது. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து யாரோ என் முகத்தை ஜன்னல் கம்பியில் மோதினார்கள்.

தட்... தட்... தட்...

ரத்தம் கண்ணை மறைத்தது. ஜன்னல் தகரத்தில் காது மாட்டியது. அப்படியே கீழே இழுத்தார்கள். கிழியும் சத்தம் எனக்கே கேட்டது.

அறுபது பேரும் காவிரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் வாயில் விசில் இருந்தது. ஊதவில்லை.

கிழிந்த காதோரம் ஒரு குரல்.

"எம் பொஞ்சாதி நிக்கிறா."

பொன்னுத்தாயின் கண்கள் பிதுங்கின. ஒரு கை வயிற்றை அணைத்திருந்தது. என் பிள்ளை...!

அவள் சரிந்தாள். சீட்டை விட்டு, தரையில்.

"அக்கா... நீங்க... உக்காருங்க..."

எல்லாம் நின்றது.

அந்தப் பெண் வந்தாள். உட்கார்ந்தாள்.

கிறீச்...

ஐந்து ஐம்பத்தெட்டு. சத்திரம் பஸ் ஸ்டாண்ட். பஸ் நின்றது. யாரும் இறங்கவில்லை.

சீட்டு காலி.

பொன்னுத்தாய் பிழைத்தாள். ஐப்பசி கடைசியில் பெண் குழந்தை பிறந்தது, கெட்டியாக. அதன்பிறகுதான் எனக்கு அந்தக் கண்டக்டரைத் தேடிப்போகத் தைரியம் வந்தது. பெயர் அற்புதசாமி. ஜங்ஷன் டீக்கடையில் என் காதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனி மாசம் நடந்ததுங்க. துறையூர்க்காரர், அழகர்சாமின்னு பேரு. மாசமா இருந்த சம்சாரத்துக்காக அந்த சீட்ல துண்டு போட்டாரு. ஒருத்தன் அதை வீசிட்டு உக்காந்துட்டான். வாய்ச்சண்டை கைச்சண்டையாச்சு. பாலத்து மேல வரும்போது, அதே துண்டை அவர் கழுத்துல முறுக்கி, மண்டை பிளக்குற வரைக்கும் ஜன்னல் கம்பியில மோதினான். அறுபது பேர் பாத்துக்கிட்டு நின்னோம். நானுந்தான்."

அந்தக் கொலைகாரன் செய்ததைத்தானே நானும் செய்தேன்?

"அதுலேருந்து அந்த டிரிப்புல தினமும் அந்தத் துண்டு அங்க கிடக்கும். நாங்க யாரும் போடல. துண்டு கிடக்குதேன்னு யாரும் உக்கார மாட்டாங்க. நாங்களும் தொட மாட்டோம்."

"அந்தம்மாவும் அன்னைக்கே செத்துட்டாங்களா?"

"யாரு, வெள்ளையம்மாளா? இல்லீங்க. துறையூர்ல நல்லாத்தான் இருந்துச்சு." டீயை ஒரு மடக்குக் குடித்தார். "நீங்க ஏறுன அந்த ஞாயித்துக்கிழமைதான் வலி கண்டிருக்கு. தாயும் தங்கல, புள்ளையும் தங்கல. ஆள் விட்டு நேரம் விசாரிச்சேன். உயிர் போனது சாயங்காலம் அஞ்சே முக்கால்."

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"மறுநாள்லேருந்து அந்த சீட்ல துண்டு கிடக்கிறதில்லீங்க."