கணக்குப் பாடத்தில் கேட்ட சத்தம்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பது என் வேலை. காலண்டரும் பட்டாசுப் பெட்டி லேபிளும்தான் பெரும்பாலும். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் மாணவிகளே நடத்தும் நான்கு பக்க மாதப் பத்திரிகைக்கு உதவ முடியுமா என்று தலைமையாசிரியை கேட்டபோது, எழுத்து அளவும் பத்தி அளவும் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். செய்தி எழுதவும் நானே சொல்லித்தர வேண்டும் என்பது போன பிறகுதான் தெரிந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: "கண்ணால பாத்ததை எழுதுங்க. கேள்விப்பட்டதை எழுதாதீங்க."

சனிக்கிழமைதோறும் ஆறு பேர் வருவார்கள். அதில் அதிகம் பேசாத பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, மூன்றாவது வாரம் ஒரு பக்கம் எழுதி வந்தாள். கணக்குப் பாடத்தின்போது தெற்கே எங்கோ பெரிய வெடிச் சத்தம் கேட்டிருக்கிறது. பட்டாசுக் கம்பெனிகளில் அம்மா வேலை பார்க்கும் பிள்ளைகள் ஒன்பது பேர் தாங்களாகவே எழுந்து நின்றுவிட்டார்கள். கம்பெனி வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவதால் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. ஆசிரியையும் அவர்களை உட்காரச் சொல்லாமல் சாக்பீஸோடு நின்றிருக்கிறார். அது கல்குவாரியில் வைத்த வெடி என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது. தன் அம்மாவைப் பற்றி அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'காலையில் அம்மா என்ன நிறச் சேலை கட்டிப் போனார் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.'

பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவி கேட்டாள்: "அக்கா, ஒண்ணுமே நடக்கலியே. இது எப்படிச் செய்தியாகும்?"

சரியான கேள்வி.

"ஆனா நாங்க நின்னோம்லக்கா" என்றாள் எழுதியவள்.

தலைமையாசிரியையிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "போடணும்னா போடுங்க" என்றார். சம்மதமா, இல்லையா என்று அவர் முகத்தைப் பார்த்தும் புரியவில்லை. மூன்றாம் பக்கத்தில் போட்டோம்.

பத்திரிகை வந்த அடுத்த சனிக்கிழமை அதை எழுதியவள் வரவில்லை. அவளுடைய அம்மா வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"ஏன் டீச்சர் இதை எழுதச் சொன்னீக?"

நான் டீச்சர் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "நான் சொல்லலம்மா. அதுவா எழுதுச்சு" என்றேன். கண்ணால் பார்த்ததை எழுதச் சொன்னது நான்தான் என்பதால் அது பாதிப் பொய் போல இருந்தது.

"அவ இம்புட்டு பயப்படுவான்னு இத்தன வருசமா எனக்குத் தெரியாது. வீட்டுல ஒரு வார்த்த சொன்னதில்ல. இப்ப கம்பெனிக்குள்ள உக்காந்தா அவ நெனப்பாவே இருக்கு. வெடி மருந்து அடைக்கும்போது நெனப்பு வேற எங்கயும் போகக் கூடாது டீச்சர். கை தப்பிரும்."

நல்லது என்று நினைத்துச் செய்த காரியம் இந்த அம்மாவின் விரல்கள்வரை போய்விட்டதே. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மேஜைமேல் இருந்த பத்திரிகைக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுல இன்னும் நாலு இருந்தா குடுங்க."

"யாருக்கும்மா?"

"எங்க ரூம்ல வேல பாக்குற பொம்பளைகளுக்கு. அவுகளுக்கும் பிள்ளைக இங்கன தான படிக்கு."

கொடுத்தேன். நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அவர் திட்ட வந்தாரா, வாங்க வந்தாரா? யோசித்துப் பார்த்தும் தெரியவில்லை. அந்த நால்வரும் படித்துவிட்டு எப்படி வேலை செய்யப்போகிறார்கள் என்பதை நினைத்ததும் ஓடிப்போய்த் திரும்ப வாங்கிவிடலாமா என்றுகூட இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அந்த மாணவி மறுபடி வந்தாள். பள்ளிக் கபடி அணியைப் பற்றி எழுதி வந்திருந்தாள். பிழையே இல்லை, உயிரும் இல்லை. வீட்டில் ஏதாவது சொன்னார்களா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன். "நல்லாருக்கு" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். நான் சொன்னது பொய் என்று தெரிந்ததுபோல் அவள் என்னைப் பார்த்தாள்.