மன்னிப்புக் கேட்டது ராஜாதான்

நீலசந்திராவில் குடியிருக்கும் இளங்கோவன் இருபத்திரண்டு வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறார். அவருடைய கொள்ளுத்தாத்தா முனுசாமி, ஒரு சிறிய சமஸ்தானத்து ராஜாவின் லாயத்தில் குதிரைக்காரர். ஒருநாள் நொண்டிய குதிரையை ராஜா அடிக்க, முனுசாமி சவுக்கைப் பிடுங்கி வீசிவிட்டார். மூன்று மாதம் ராஜா லாயத்துப் பக்கமே வரவில்லை. பிறகு தனியாக வந்து, தப்பு தன்மேல்தான் என்று மன்னிப்புக் கேட்டார். அன்று தொடங்கிய சினேகம் ராஜா சாகும்வரை நீடித்தது. இளங்கோவனிடமும் அவருடைய அக்காவிடமும் அப்பா இதைச் சொல்வார். வெளியே யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நம்பவா போகிறார்கள்?

ராகேஷ் நம்பினான். ஆனேக்கல்லில் வளர்ந்தவன், சினிமாவுக்குக் கதை எழுதுபவன். ஒரு மழைநாளில் சவாரி வந்தவன், டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டபோது இந்தக் கதையைக் கேட்டான். அப்புறம் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டுக்கே வந்தான். இளங்கோவனின் மனைவி யசோதா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் போனில் பதிவு செய்தான். சவுக்குப் பகுதியில் அவன் கண் கலங்கியது.

"இதுதாண்ணா படம். ஒரு வார்த்தை மாத்தமாட்டேன்."

படம் வந்த அன்று இளங்கோவன் லீவு போட்டு, யசோதாவையும் அக்காவையும் அழைத்துப் போனார். முனுசாமியாக வந்தவர் ஒரு காமெடி நடிகர். குதிரை நொண்டியதே அவருடைய கவனக்குறைவால்தானாம். சவுக்கடி வாங்கிக்கொண்டு ராஜாவின் காலைப் பிடித்து அழுதார். ராஜா அவரைத் தூக்கி நிறுத்தி, "இனி நீ என் நண்பன்" என்றார். தியேட்டர் கைதட்டியது. அக்காவும் தட்டினாள்.

வெளியே வந்ததும் இளங்கோவன் ராகேஷுக்குப் போன் போட்டார்.

"ராஜாவா நடிச்சவர்தான் ஹீரோ. அவர் மன்னிப்புக் கேட்டா ஃபேன்ஸ் ஒத்துக்கமாட்டாங்கண்ணா. நான் சரியாத்தான் எழுதினேன், படம் எடுத்தவங்க மாத்திட்டாங்க."

"மாத்தறப்ப நீ வேணாம்னு சொன்னியா?"

"படம் ஆரம்பிக்கறப்ப நன்றின்னு உங்க பேர் போட்டோமே, பார்க்கலியா?" என்றான்.

"பார்த்தேன். நானே அப்படிச் சொன்ன மாதிரி ஆயிடுச்சே. என் பேரை எடுத்துடு."

"இப்ப எப்படிண்ணா முடியும்?"

வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா சொன்னாள்: "அவ்ளோ பெரிய படம், விசாரிக்காமயா எடுப்பாங்க? அப்பா சொன்னதை நீதான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டிருப்ப."

இளங்கோவன் காரை ஓரமாக நிறுத்தினார். அக்காவைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி ஓட்டினார்.

ஒன்பதே நாளில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். யாருக்கும் பிடிக்கவில்லை என்று யசோதா சந்தோஷமாக வந்து சொன்னாள்.

"ஓடாட்டி என்ன? எங்கக்காவே நம்பிட்டா" என்றார் இளங்கோவன்.