குளிரில் கிடந்த உடம்பு

சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்த காலை. ஆட்டையாம்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் இரண்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. நூல் அறுந்தும் தறியை நிறுத்தாமல் என் கணவர் நிற்பதைப் பார்த்துச் சத்தம் போட்டேன். திரும்பினார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஏதோ சொன்னார், புரியவில்லை. இடது கை பிடிமானமில்லாமல் தொங்கியது.

பக்கத்து வீட்டுக்காரரின் காரில் சேலத்துக்குக் கொண்டு போனோம். மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். தொடை வழியாகக் குழாய் விட்டு அதை எடுத்தார்கள். அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

மறுநாளே டாக்டர் கூப்பிட்டார். மூளையில் வீக்கம் தெரிகிறதாம். மயக்கத்தில் வைத்து உடம்பின் சூட்டைக் குறைத்துப் பார்க்கலாம், வீக்கம் அடங்கலாம் என்றார். எல்லாருக்கும் செய்வதில்லை, பலன் உண்டென்று அடித்துச் சொல்லவும் முடியாது, நுரையீரலில் சளி கட்டலாம் என்பதையும் மறைக்கவில்லை. வேண்டாமென்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். வீக்கம் கூடினால் மண்டையோட்டைத் திறக்க வேண்டிவரலாம் என்றார். தலையை ஆட்டினேன். யோசித்து ஆட்டினேனா, பயத்தில் ஆட்டினேனா, இன்றும் தெரியாது.

குளிர்ந்த தண்ணீர் ஓடும் விரிப்புகளை அவர் மேலும் கீழும் போட்டு மெஷினோடு இணைத்திருந்தார்கள். வாயில் சுவாசக் குழாய். கன்னத்தைத் தொட்டேன். என் மாமனாரைக் கடைசியாகக் குளிப்பாட்டிய அன்று தொட்ட மாதிரியே இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

அதன்பின் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஏசி போட்ட கூடத்தை விட்டு வெளியே வந்து வெயிலில் நிற்பேன். டீக்கடை வரை நடப்பேன். டீ சொல்லிவிட்டு, அவர்கள் ஆற்றிக் கொடுப்பதற்குள் என்னைத் தேடியிருப்பார்களோ என்று ஓடி வருவேன். யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து அவருடைய அக்கா வந்தார். தம்பியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் தோளைப் பிடித்தார்.

"ஏஞ்சாமி, உசுரோட இருக்கறவன இப்படியா சில்லுனு போட்டு வெப்பாங்க? ஒடம்பு நடுங்குது பாத்தியா? ஒரு போர்வை போத்த ஆளில்லையா?"

அன்று மாலை அக்கா கம்பளிப் போர்வையோடு உள்ளே போனபோது நான் தடுக்காமல் பின்னாலேயே போனேன். நர்ஸ் போர்வையை வாங்கி ஓரமாக வைத்தார், கோபப்படவில்லை. நடுங்கினால் உடம்பு தானாகச் சூடேறிவிடும், அதனால் நடுக்கத்துக்கு மருந்து போகிறது, கையும் காலும் கதகதப்பாக இருந்தாலும் நடுக்கம் குறையும் என்று விளக்கி, கனமான காலுறைகளை எடுத்து நீட்டினார்.

"இதை நீங்களே போட்டு விடுங்கம்மா. உடம்பை மட்டும் மூடிடாதீங்க."

அக்கா குனிந்து தம்பியின் கால்களில் உறைகளை மாட்டி, சுருக்கம் போக நீவி விட்டார். அதற்குப் பிறகு அவர் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

சூட்டைத் திரும்ப ஏற்றிய நாள் இன்னும் மோசம். வேகமாக ஏற்றினால் வீக்கம் மறுபடி வரலாமாம். கண்ணாடிக் கதவு வழியாக மெஷினில் எண் மாறுகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். மாறினாலும் பயம், மாறாவிட்டாலும் பயம். வீக்கம் கூடவில்லை என்று டாக்டர் வந்து சொன்ன பிறகும் கதவை விட்டு நகரவில்லை. மயக்க மருந்தை நிறுத்தினார்கள். ரொம்ப நேரம் கழித்து அவர் கண் திறந்தார். என்னைப் பார்த்தார். அப்போதுதான் அழுதேன்.

இப்போது குச்சி ஊன்றி நடக்கிறார். பேச்சு தெளிந்துவிட்டது. இடது கை முழுசாக வரவில்லை. அந்தக் குளிர் எதுவும் அவருக்கு ஞாபகமில்லை.

போன முறை காட்டப் போனபோது, குளிர வைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் மறுபடியும் கேட்டேன். அப்படியும் தேறியிருக்கலாம், தேறாமலும் போயிருக்கலாம், சொல்லத் தெரியவில்லை என்றார். எனக்கு அது போதவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை அதையே பேசிக்கொண்டு வந்தேன்.

"எத்தன வாட்டிதான் கேப்ப? வா, பசிக்குது," என்று என் கணவர் ஓட்டலுக்குள் நுழைந்தார்.

தோசை வந்தது. ஒரு கையால் நிதானமாகப் பிய்த்துச் சாப்பிட்டார். நான் பாதியில் எழுந்து, எங்கள் ஊர் பஸ் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன்.