இருபது நியூட்டன் நிறை

சக ஆசிரியர்கள் அவருக்கு வைத்த பெயர் தராசு. பாதி பாராட்டு, பாதி கேலி. இயற்பியல் விடைத்தாள் திருத்தும் அறையில் அவருக்குப் பக்கத்து மேசையைப் பிடிக்க யாரும் முந்துவதில்லை. அங்கே உட்கார்ந்தால் வேகம் குறையும், மனசாட்சி அரிக்கும்.

தராசு டீச்சர் ஒரு தாளை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை திருத்துகிறவர் இல்லை. கட்டிலுள்ள எல்லாத் தாள்களிலும் ஒரு கேள்வியை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். முதல் பக்கம் முத்து முத்தாக இருந்தால் ஐந்தாம் பக்கத்துத் தப்பைக் கண் தானாக மன்னித்துவிடும் என்று அவருக்குத் தன் கண்ணின் மேலேயே சந்தேகம். சாப்பிட்டு வந்ததும், காலையில் திருத்திய சில தாள்களை உருவி, போட்ட மதிப்பெண்ணைக் கையால் மூடிக்கொண்டு மறுபடி திருத்திப் பார்ப்பார். பசியில் கறாராகவும் வயிறு நிறைந்தபின் தாராளமாகவும் போட்டிருந்தால், அது பிள்ளையின் விடைக்குப் போட்டதல்ல, தன் வயிற்றுக்குப் போட்டது என்பார்.

வீட்டிலும் இந்தக் குடைச்சல் ஓயாது. கணவர் தையற்காரர். "அளவெடுத்து வெட்டுற நானே தையலுக்குக் கொஞ்சம் துணி விட்டுத்தான் வெட்டுவேன். நீ ஒரு நூல் விடமாட்டேங்குறியே" என்பார் சிரித்துக்கொண்டு.

"உங்க சட்டை சரியில்லேன்னா பிரிச்சுத் தைச்சிடலாம். ஒரு பிள்ளையோட வருஷத்த எப்படிப் பிரிச்சுத் தைக்கிறது?"

இந்த ஆண்டுத் தாளில் ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்று வந்தது. வழவழப்பான, உராய்வே இல்லாத தரையில் ஒரு பெட்டி. அது வினாடிக்கு வினாடி மூன்று மீட்டர் முடுக்கத்தில் நகர எவ்வளவு விசை வேண்டும்? விடைக்குறிப்பில் ஆறு நியூட்டன் என்று இருந்தது. கட்டில் பாதிக்கு மேல் பிள்ளைகள் அறுபது என்று எழுதியிருந்தார்கள். தராசு டீச்சர் அவர்களுக்குச் சூத்திரத்துக்கு மட்டும் ஒரு மதிப்பெண் போட்டுக்கொண்டே போனார். போகப் போக ஏதோ உறுத்தியது. மற்ற கணக்குகளையெல்லாம் பிசகாமல் போட்ட பிள்ளைகளும் இங்கே மட்டும் ஒரே மாதிரி தவறுவார்களா? வினாத்தாளை எடுத்து அந்த வரியைப் படித்தார்.

"20 நியூட்டன் நிறையுள்ள பெட்டி."

நிறை கிலோகிராமில் வரும். நியூட்டனில் வருவது எடை. கடைத்தெருவில் இரண்டும் ஒன்றுதான், வகுப்பில் ஒன்றல்ல என்று வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறோம். வினாத்தாள் எழுதியவர் எடையை நினைத்து நிறை என்று எழுதிவிட்டார். அலகை நம்பிய பிள்ளை இருபதைப் புவியீர்ப்பு முடுக்கமான பத்தால் வகுத்து, கிடைத்த இரண்டை மூன்றால் பெருக்கி ஆறுக்கு வந்தது. சொல்லை நம்பிய பிள்ளை இருபதை அப்படியே மூன்றால் பெருக்கி அறுபதுக்குப் போனது. எழுதியவர் சறுக்கினார், பிள்ளைகளுக்கு அடிபட்டது.

பக்கத்து மேசை வாத்தியாரிடம் காட்டினார்.

"அக்கா, மனசு கேக்கலேன்னா அஞ்சும் போட்டுட்டுப் போங்க. யாரு பாக்கப் போறா?"

"என் மேசைக்கு வந்தா அஞ்சு, உன் மேசைக்குப் போனா ஒண்ணு. இது என்ன பரீட்சையா, குலுக்கல் சீட்டா?"

நேரே தலைமைத் தேர்வாளரிடம் போனார். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"விடைக்குறிப்பப் படிச்சீங்களா டீச்சர்?"

"காலையிலேர்ந்து அதத்தான் சார் படிச்சேன். அதனாலதான் கேள்வியப் படிக்க மறந்துட்டேன்."

"அலகப் பாத்துப் புரிஞ்சுக்க வேண்டாமா பசங்க?"

"சொல்லப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டாங்க. நம்ம சொல்ல நம்பினதுக்கா சார் தண்டனை?"

"மேலிடத்துல பாத்துத்தானே அனுப்பியிருக்காங்க."

"மேலிடம் சொன்னா நிறையை நியூட்டன்ல அளக்கலாமா?"

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைமைத் தேர்வாளருக்கு முகம் சிவந்தது. "அடுத்த வருஷம் உங்களக் கூப்பிட மாட்டாங்க, சொல்லிட்டேன்."

"கூப்பிட வேண்டாம். இந்தக் கேள்விய மட்டும் நான் திருத்தல. ஆறோ அறுபதோ, எல்லா மேசைக்கும் ஒரே முடிவாச் சொல்லுங்க, திருத்துறேன்."

அவர் தொலைபேசியை எடுத்தார். பதில் வரும்வரை தராசு டீச்சருக்கு நாற்காலி முள்ளாகக் குத்தியது. ஜன்னல் வரை நடந்தார். குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடிக்காமல் திரும்பினார். முன்பு ஒன்று போட்டுக் கட்டிய கட்டுகள் மூலையில் கிடந்தன. அவற்றை எண்ணினார், மறுபடி எண்ணினார்.

சாயங்காலம் பதில் வந்தது. ஆறுக்கும் முழு மதிப்பெண், அறுபதுக்கும் முழு மதிப்பெண். கட்டி வைத்ததையெல்லாம் அவிழ்த்துத் திருத்த வேண்டும்.

"சும்மா இருந்த சங்க ஊதிக் கெடுத்தாச்சு" என்றார் வாத்தியார், முடிச்சைப் பல்லால் இழுத்தபடி. அறை முழுக்க முணுமுணுப்பு. ஒருவரும் டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஒன்றுகளை அடித்து ஐந்துகளாக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கட்டின் நடுவில் ஒரு தாளில் கை நின்றது. சூத்திரம் இல்லை, விடை இல்லை. ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "நியூட்டன் என்றால் எடை. நிறை என்று கொடுத்திருக்கிறார்கள். எது சரி?" பிறகு பயந்துபோய் அதன் குறுக்கே கோடு இழுத்துவிட்டு, மீதிப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தது. பக்கத்தில் டீச்சரின் சிவப்பு மையிலேயே சுழியம்.

புதிய உத்தரவிலும் இதற்குச் சுழியம்தான். எல்லாரும் தடுக்கி விழுந்த இடத்தில் நின்று கல்லைக் காட்டியது இந்த ஒரு பிள்ளை. அதற்கு மட்டும் ஒன்றுமில்லை.

டீச்சர் எழுந்தார்.

"அக்கா, வேணாம். உக்காருங்க. இப்பத்தான் அடங்கியிருக்கு."

"உன் கட்டுலயும் இப்படி இருக்கான்னு பாரு."

வாத்தியார் முனகிக்கொண்டே புரட்டினார். கொஞ்ச நேரத்தில் அவர் முனகல் நின்றது. ஒரு தாளைத் தனியாக உருவினார். "ஒண்ணு இருக்கு. சுழியம் போட்டிருக்கேன்" என்றார் மெதுவாக.

"குடு."

இரண்டு தாள்களையும் தலைமைத் தேர்வாளர் முன் வைத்தார். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல விடையே இல்லையே டீச்சர். எதுக்கு மார்க் போடச் சொல்றீங்க?"

"கேள்விக்கு, சார்."

அவர் தொலைபேசியைப் பார்த்தார், எடுக்கவில்லை. தராசு டீச்சர் உட்காரவில்லை.