பெண் பார்க்க வந்த அன்று மவுண்ட் ஆகாத டிஸ்க்

என் கையெழுத்து மோசம். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதும் எனக்குப் பிடிபடாது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தப்பு கண்ணில் பட்டால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அடி அண்ணாமலை பக்கம் கிரிவலப் பாதையில் இளநீர் விற்கிறேன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. வாங்க வருகிறவர்களிடம் “தண்ணியா, வழுக்கையா” என்று கேட்பதோடு சரி. என் மகள் வீட்டிலிருந்தே ஒரு பேங்க்கின் மெயின்ஃப்ரேமைப் பார்த்துக்கொள்கிறாள். பீரோ அளவு பெரிய கம்ப்யூட்டராம், எங்கோ தூரத்தில் இருக்கிறது. அதற்குள் லினக்ஸ் ஓடுகிறது என்பாள். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன், அவன் அம்மா, தாய்மாமன். விவசாயக் குடும்பம். எமகண்டம் பிறப்பதற்குள் பெண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார்கள். மகளோ பட்டுப்புடவையோடு உள்ளறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காலையில் அந்தக் கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டபோது ஒரு டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது கம்ப்யூட்டரோடு வந்து சேரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன்.

“டிஸ்க்கே கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன்பா. இல்ல, இருக்குது. ஆனா ஆஃப்லைன்ல நிக்குது. போன வாரம் புதுசா குடுத்தப்ப கையாலயே ஆன்லைன் பண்ணேன். மறுபடி ஸ்டார்ட் ஆனா தானா வர்ற மாதிரி எழுதி வெக்கல, என் தப்புதான். இப்ப எழுதிட்டேன். இன்னொரு தடவ நிறுத்திப் போட்டு, வருதான்னு பாக்கணும். நீ போய் அவங்க கூட பேசிட்டிரு.”

அதுதான் என்னால் ஆகாத காரியம். கூடத்தில் கேசரித் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

“ஞாயித்துக்கெழமையும் வேலைங்களா? கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுடுவா இல்ல?” என்றார் பையனின் அம்மா.

“விட மாட்டா” என்றேன். சமையலறை வாசலில் நின்று என் மனைவி முறைத்தாள்.

“அப்படி என்னதாங்க வேலை?”

“டிஸ்க்குனு ஒண்ணுங்க. அதுலதான் எல்லாத்தையும் வெச்சிருக்காங்க. போன வாரம் இவ கையால ஆன் பண்ணா. இன்னிக்கு மெஷின நிறுத்திப் போட்டாங்க, மத்ததெல்லாம் எழுந்துக்கிச்சு, இது மட்டும் எழுந்துக்கல” என்று மகள் சொன்னதை ஒப்பித்தேன்.

அந்தம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க கழனி மோட்டார் மாதிரினு சொல்லுங்க. கரண்ட் போயி வந்தா யாராச்சும் ஓடிப்போயி ஸ்டார்ட்டர அமுக்கணும். இல்லனா கடலைக்குத் தண்ணி இல்ல.” பையன் பக்கம் திரும்பினார். “தானா ஓடறதுக்கு ஆட்டோ மாட்டுடானு எத்தினி நாளா சொல்றேன்?”

“மாட்றேம்மா.”

“அந்தப் பொண்ணும் மாட்டல, இவனும் மாட்டல. பொருத்தம் ஜாஸ்தியாவே இருக்குது” என்றார் மாமன். எல்லோரும் சிரித்தோம்.

கொஞ்ச நேரத்தில் மாமன் வாட்சைப் பார்த்தார். “எமகண்டம் வரப்போவுது. கூப்பிடச் சொல்லுக்கா.”

“இருடா. தண்ணி வருதானு பாத்துடலாம்” என்றார் அந்தம்மா.

எமகண்டம் பிறந்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகுதான் மகள் ஆபீசுக்குச் சொல்வது கேட்டது: “வந்துடுச்சு சார், தானாவே மவுண்ட் ஆயிடுச்சு.”

காபித் தட்டோடு வெளியே வந்தாள். ஹெட்செட் அழுத்தியதில் ஒரு பக்கத்து மல்லிகை நசுங்கியிருந்தது.

“ஆட்டோ மாட்டிட்டியாம்மா?” என்றார் அந்தம்மா.

நாங்கள் பேசியதெல்லாம் உள்ளே கேட்டிருக்கிறது. “மாட்டிட்டேன் அத்தை” என்றாள்.

கிளம்பும்போது அந்தம்மா என்னிடம் சொன்னார்: “வேலைய விட வேணாங்க. எங்க வூட்லயும் நெட்டு இருக்குது. ஆனா இவன் மோட்டாருக்கு ஆட்டோ மாட்டின பிறகுதான் நிச்சயத்துக்குத் தேதி வெப்போம்.”

மறுவாரமே பையன் மாட்டிவிட்டான். ஆடி கழியட்டும் என்று இருந்து, நாளைக்கு நிச்சயம். அங்கே நாலு பேர் முன்னால் என்னால் இதைச் சொல்ல முடியாது என்பதால் எழுதி வைத்தேன்.

ஆவணி ஐந்தாம் தேதி.